நிலாப் பாறையை அளக்கும் எக்ஸ்-கதிர்க் கருவி: காலிபரேஷனைப் படிப்படியாகச் செய்வது எப்படி?

2023 ஆகஸ்ட் 23-ஆம் தேதி சந்திரயான்-3-இன் விக்ரம் நிலவில் இறங்கிய பிறகு, பிரக்யான் உலவி 103 மீட்டர் தூரத்துக்குள் 23 இடங்களில் நின்று மண்ணை அளந்தது. அளந்தது ஆல்பா துகள் எக்ஸ்-கதிர் நிறமாலைமானி, சுருக்கமாக ஏ.பி.எக்ஸ்.எஸ். அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் உருவாக்கிய கருவி அது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியாயின. அங்குள்ள மண் இரும்பு கலந்த அனார்த்தோசைட் (நிலா மேட்டுநிலங்களின் வெளிர்நிறப் பாறை) வகை, எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சேர்மானம் என்றது அந்தக் கட்டுரை.

23 இடமும் ஒரே மாதிரி என்று சொல்ல வேண்டுமானால், அத்தனை அளவீட்டிலும் கருவி மாறாமல் இருந்தது என்று காட்ட முடிய வேண்டும். மண் மாறியிருந்தால் கருவி அதைக் காட்டியிருக்கும் என்பதும் உறுதியாக வேண்டும். இந்த இரண்டு உறுதிகளும் தரையிலேயே, ஏவுவதற்கு முன்பே, சம்பாதிக்கப்படுபவை.

இயற்பியலோ புவியியலோ படித்துவிட்டு இப்படியொரு கருவி உள்ள ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேசைமேல் வைக்கும் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவியை வைத்தே எல்லாப் படிகளையும் பழகலாம். உலவிக் கருவிக்கு மட்டும் பொருந்துவதை அங்கங்கே சொல்கிறேன்.

கருவி என்ன தருகிறது?

கருவி சதவீதம் எதையும் தருவதில்லை. எந்த ஆற்றலில் எத்தனை எக்ஸ்-கதிர்கள் வந்தன என்ற ஒரு வரைபடத்தைத் தருகிறது, அவ்வளவுதான். அலுமினியம் 1.487 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் ஒரு முகடு தரும், இரும்பு 6.404-இல் தரும். இனி கிலோ எ.வோ. என்றே எழுதுகிறேன். முகட்டிலிருந்து "இந்தப் பாறையில் அலுமினியம் ஆக்சைடு 28 விழுக்காடு" என்ற வாக்கியத்துக்குப் போகும் வழியில் ஐந்தாறு அனுமானங்கள் இருக்கின்றன. ஆற்றல் அளவுகோல் சரி, முகட்டின் வடிவம் தெரியும், தூரம் தெரியும், இடையில் காற்று இல்லை, மாதிரி ஒருபடித்தானது என்று போகும் பட்டியல். ஒவ்வொரு அனுமானத்தையும் தனித்தனியே சோதிக்கும் வேலைக்குத்தான் காலிபரேஷன் என்று பெயர். எல்லாவற்றையும் ஒரே ஃபிட்டிங்கில் போட்டுக் கணினியிடம் விட்டுவிட்டால் விடை வரும். எது தவறு என்று மட்டும் ஒருநாளும் தெரியாது.

ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவிகளில் கியூரியம்-244 இருக்கும். அதன் 5.8 மெகா எ.வோ. ஆல்பா துகள்கள் சோடியம், மக்னீசியம், அலுமினியம் போன்ற இலேசான தனிமங்களை நன்றாகக் கிளறும். கூடவே வரும் புளுட்டோனியத்தின் எக்ஸ்-கதிர்கள் (14.3, 18.3 கிலோ எ.வோ. அருகே) இரும்பு, நிக்கல் போன்றவற்றைப் பார்த்துக்கொள்ளும். உங்கள் மேசையில் இருக்கப்போவது கியூரியம் அல்ல, ரோடியம் அல்லது வெள்ளி இலக்குள்ள சிறிய எக்ஸ்-கதிர்க் குழாய். செவ்வாயில் பெர்சவெரன்ஸ் உலவியின் பிக்ஸல் கருவியிலும் ரோடியக் குழாய்தான். ஆகவே மட்டமான கருவியில் பழகுகிறோமோ என்ற தாழ்வு மனப்பான்மை வேண்டாம்.

பாதுகாப்பு பற்றி ஒரே பத்தி. இந்தியாவில் எக்ஸ்-கதிர்க் கருவிக்கும் கதிரியக்க மூலத்துக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பமெல்லாம் ஈ-லோரா இணையவாசல் வழியாகப் போகிறது. உங்கள் ஆய்வகத்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் யார் என்று முதல் நாளே கேளுங்கள், உடலில் படும் கதிர்வீச்சைக் கணக்கிடும் டி.எல்.டி. பேட்ஜ் வாங்கி அணியுங்கள். கதவு திறந்தால் குழாய் அணையும் இன்டர்லாக்கை யாராவது டேப் ஒட்டி ஏமாற்றி வைத்திருந்தால், அந்தக் கருவியைத் தொடாதீர்கள்.

படி 1: அமைப்புகளைப் பூட்டுங்கள்

வரும் கதிர்களைப் பதிவு செய்யும் சிலிக்கான் டிரிஃப்ட் டிடெக்டரைக் குளிரவைத்து, வெப்பநிலை நிலைப்படும்வரை காத்திருங்கள். எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியும் சூடாகி நிலைப்பட வேண்டும், பலர் இதை மறக்கிறார்கள். அப்புறம் கெயின் (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குவது), பீக்கிங் டைம் (ஒவ்வொரு கதிரின் சிக்னலையும் அளக்க எடுக்கும் நேரம்), குழாயின் வோல்ட்டேஜ், மின்னோட்டம் நான்கையும் முடிவு செய்து நோட்டில் எழுதுங்கள். எழுதிய பின் மாற்றாதீர்கள். பீக்கிங் டைமை நீட்டினால் முகடு கூர்மையாகும், ஆனால் வேகமாக வரும் கதிர்களைக் கருவி தவறவிடும். குறைத்தால் நேர்மாறு. பாறை வேலைக்குக் கூர்மை பக்கம் கொஞ்சம் சாய்வது என் வழக்கம், ஏனென்றால் இலேசான தனிமங்களின் முகடுகள் ஒன்றையொன்று ஒட்டியே நிற்கின்றன.

படி 2: சேனலை ஆற்றலாக மாற்றுங்கள்

கருவி ஒவ்வொரு கதிரையும் அதன் ஆற்றலுக்கேற்ப எண்ணிட்ட ஒரு கட்டத்தில் போடுகிறது, அந்தக் கட்டம்தான் சேனல். எந்தச் சேனல் எந்த ஆற்றல் என்று கண்டுபிடிக்கச் சுத்தமான உலோகத் தகடுகள் போதும். அலுமினியம், டைட்டானியம், இரும்பு, தாமிரம் என்று நான்கு தகடுகள் இருந்தால் பாறைக்குத் தேவையான ஆற்றல் எல்லை முழுவதும் அடங்கிவிடும். இரண்டு ஓரத் தகடுகளை வைத்துக் கோட்டைப் போடுங்கள், நடுவில் உள்ளவற்றை வைத்துச் சரிபாருங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு. அலுமினிய முகடு (1487 எ.வோ.) 151.2-ஆவது சேனலிலும், தாமிர முகடு (8047 எ.வோ.) 812.4-ஆவது சேனலிலும் விழுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் வித்தியாசம் 6560 எ.வோ., சேனல் வித்தியாசம் 661.2. ஆக ஒரு சேனலுக்கு 9.921 எ.வோ. தொடக்கப் பிசகு 1487 − (151.2 × 9.921), அதாவது −13 எ.வோ. இந்தக் கோட்டின்படி டைட்டானியம் (4511 எ.வோ.) 456-ஆவது சேனல் அருகே வர வேண்டும். வந்தால் சரி. இரண்டு மூன்று சேனல் தள்ளி வந்தால் நேர்கோடு போதவில்லை, அல்லது கதிர் வரத்து அதிகமாகி முகடே நகர்கிறது. மின்னோட்டத்தைப் பாதியாக்கி மறுபடி எடுத்துப் பாருங்கள். முகடு நகர்ந்தால் இரண்டாவது காரணம்தான்.

முகட்டின் உச்சியைக் கண்ணால் படித்து எழுதுவது பழகுவதற்குச் சரி. வேலைக்கு மணி வடிவ காஸியன் வளைவைப் பொருத்தி மையத்தை எடுங்கள். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரான் மையம் வெளியிடும் பைஎம்சிஏ மென்பொருள் இலவசம், தொடக்கத்துக்குப் போதுமானது. கதிரியக்க மூலம் வைத்துக்கொள்ள அனுமதி உள்ள ஆய்வகங்களில் இரும்பு-55 இருக்கும். அது 5.9 கிலோ எ.வோ.-வில் மாங்கனீசின் முகட்டைத் தரும். அரையாயுள் 2.7 ஆண்டுதான், பழைய மூலத்தை எடுத்து வைத்துக்கொண்டு "கருவி மங்கிவிட்டது" என்று சொல்லக் கூடாது.

படி 3: முகட்டின் அகலமும் போலி முகடுகளும்

அரை உயரத்தில் முகடு எவ்வளவு அகலம் என்பதுதான் பிரிதிறன். இதில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று சிலிக்கானின் இயல்பு, அதைக் குறைக்க முடியாது. 5.9 கிலோ எ.வோ.-வில் அது சுமார் 117 எ.வோ. மற்றொன்று எலெக்ட்ரானிக்ஸின் இரைச்சல். உங்கள் கருவி 135 எ.வோ. காட்டினால், 135-இன் வர்க்கத்திலிருந்து 117-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் இரைச்சல் 67 எ.வோ. என்று வரும். அதே இரைச்சலோடு அலுமினியத்தின் ஆற்றலில் அகலம் சுமார் 89 எ.வோ. ஆகும். மக்னீசியமும் அலுமினியமும் 233 எ.வோ. இடைவெளியில் நிற்பதால் முகடுகள் பிரிந்து தெரியும். ஆனால் அலுமினியம் மலைபோல எழும் அனார்த்தோசைட்டில், அதன் இடதுபக்க வால் மக்னீசியத்தின் காலடிவரை நீளும். வால் பகுதியின் வடிவத்தை அலுமினியத் தகட்டில் நன்றாக அளந்து வைக்காதவர் மக்னீசியத்தைக் கூட்டிச் சொல்லிவிடுவார். பிரக்யான் தரவில் மக்னீசியம் பேசுபொருளானது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வால் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் போலி முகடுகள். பாறையில் இல்லாத தனிமத்தை இருப்பதாகக் காட்டும் முகடுகள் மூன்று வகை.

முதலாவது தப்பிய முகடு. உள்ளே வரும் கதிர் டிடெக்டரின் சிலிக்கானையே ஒளிரவைத்து, அந்த ஒளிர்வு வெளியே தப்பிப் போய்விட்டால், அசல் ஆற்றலைவிட 1.74 கிலோ எ.வோ. குறைவாகப் பதிவாகும். இரும்பின் தப்பிய முகடு 4.66-இல் வரும், பக்கத்தில் 4.51-இல் டைட்டானியம். கால்சியத்தின் தப்பிய முகடு 1.95-இல் வரும், பக்கத்தில் 2.01-இல் பாஸ்பரஸ். கால்சியம் நிறைந்த நிலா மேட்டுநிலப் பாறையில் "பாஸ்பரஸ் கிடைத்தது!" என்று யாராவது துள்ளினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

இரண்டாவது கூட்டு முகடு. டோல்கேட்டில் இரண்டு பைக்குகள் உரசிக்கொண்டு போனால் சென்சார் ஒரு லாரி என்று எண்ணிவிடுவதுபோல, ஒரே நேரத்தில் வந்த இரண்டு கதிர்களை டிடெக்டர் ஒன்றாகக் கூட்டிவிடும். அலுமினியமும் அலுமினியமும் சேர்ந்தால் 2.97, அலுமினியமும் சிலிக்கானும் 3.23, இரண்டு சிலிக்கான் 3.48. இவை எங்கே விழுகின்றன பாருங்கள். ஆர்கான் 2.96, பொட்டாசியம் 3.31, அதன் துணை முகடு 3.59. நிலாப் பாறையில் பொட்டாசியம் மிகக் குறைவு. ஆகவே கூட்டு முகட்டைக் கழிக்காமல் விட்டால், உங்கள் பொட்டாசியத்தில் பெரும்பங்கு பொய்யாக இருக்கலாம். சோதிக்க எளிய வழி உண்டு. மின்னோட்டத்தைப் பாதியாக்குங்கள். உண்மையான முகடு பாதியாகும், கூட்டு முகடு கால்வாசியாகும்.

மூன்றாவது கருவியின் சொந்தச் சரக்கு. ரோடியக் குழாயின் சிதறல் 2.70-இல் விழுந்து குளோரினை (2.62) மறைக்கும், வெள்ளிக் குழாயின் சிதறல் 2.98-இல் ஆர்கானோடு குழம்பும். அறை சுவரின் இரும்பு, திருகின் நிக்கல், தடுப்பானின் உலோகம் எல்லாமே வரைபடத்தில் முகம் காட்டும். டெஃப்லான் துண்டு ஒன்றை மாதிரி வைக்கும் இடத்தில் வைத்து நீண்ட நேரம் எடுங்கள். அதிலுள்ள கார்பனையும் ஃபுளோரினையும் கருவி ஏறக்குறையப் பார்ப்பதில்லை, ஆனால் கதிரை நன்றாகச் சிதறவைக்கும். அதில் தெரியும் உலோக முகடெல்லாம் கருவியுடையது. பிக்ஸல் குழுவினர் செவ்வாய்க்கே ஒரு டெஃப்லான் வில்லையைக் கூட அனுப்பியிருக்கிறார்கள் என்றால் இதன் அருமை தெரியும்.

இவை போக நிஜ முகடுகளே ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் உண்டு. குரோமியத்தின் துணை முகடு (5.95) மாங்கனீசின் மேல், மாங்கனீசின் துணை முகடு (6.49) இரும்பின் மேல், இரும்பின் துணை முகடு (7.06) கோபால்ட்டை ஒட்டி என்று. தனித் தகடுகளில் பிரதான முகட்டுக்கும் துணை முகட்டுக்கும் உள்ள விகிதத்தை அளந்து வைத்துக்கொண்டால் பிரித்துவிடலாம்.

படி 4: தூரம், காற்று, பரப்பு

1 கிலோ எ.வோ. ஆற்றலுள்ள சோடியத்தின் கதிர் ஒரு சென்டிமீட்டர் காற்றைக் கடந்தால் நூற்றில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். சிலிக்கானில் சுமார் 40 விழுக்காடு மிஞ்சும். இரும்புக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை. திறந்த காற்றில் அளந்தால் உங்கள் பாறை இரும்புப் பாறையாகத்தான் தெரியும். எனவே வெற்றிடம் அல்லது ஹீலியம். கியூரியம் கருவிக்கு இது இன்னும் கறார், ஏனென்றால் ஆல்பா துகளின் மொத்த ஓட்டமே காற்றில் நாலைந்து சென்டிமீட்டர்தான். பிரக்யானின் கருவித்தலை தரையிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் உயரத்தில் நின்று அளந்தது. அதே இடைவெளியைக் காற்றில் வைத்துத் தரைச் சோதனை செய்தால் பாதி இயற்பியலே நடக்காது.

தூரத்துக்கு வருவோம். மாதிரியை ஒன்று, இரண்டு, மூன்று மில்லிமீட்டர் என்று இறக்கி, ஒவ்வொரு உயரத்திலும் எண்ணிக்கையைக் குறித்து வளைவு போடுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. மாதிரி சின்ன வில்லையாக (தூளை அழுத்திச் செய்த வட்டு) இருந்தால் போகும் கதிரும் வரும் கதிரும் இரண்டுமே தூரத்தின் வர்க்கப்படி குறையும், மொத்தத்தில் நான்காம் அடுக்கை நெருங்கும். நிலாத் தரை போல விரிந்த பரப்பானால், உயரம் கூடக் கூடக் கருவி பார்க்கும் பரப்பும் விரிவதால், குறைவு ஏறத்தாழ வர்க்கத்தோடு நின்றுவிடும். வில்லையில் அளந்த வளைவைத் தரைக்கு அப்படியே போட்டால் தப்பு. கருவியின் பார்வைப் பரப்பை விடப் பெரிய தட்டில் தூளைப் பரப்பி ஒருமுறையாவது அளந்துவிடுங்கள்.

படி 5: தரப் பாறைகள்

உலோகத் தகடுகள் ஆற்றலுக்குப் போதும், சேர்மானத்துக்குப் போதாது. சேர்மானம் தெரிந்த பாறைத் தூள்கள் வேண்டும். அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை தரும் ஹவாய் பசால்ட் பி.எச்.வி.ஓ.-2, கொலம்பியா ஆற்றுப் பசால்ட் பி.சி.ஆர்.-2, ஆண்டசைட்டான ஏ.ஜி.வி.-2 ஆகியவை உலகெங்கும் புழங்குபவை. பி.எச்.வி.ஓ.-2-இன் கண்ணாடி ஒன்று பிக்ஸலின் அளவுதிருத்தப் பலகையிலும் இருக்கிறது.

தேர்வு செய்யும்போது பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பாருங்கள். பி.எச்.வி.ஓ.-2-இல் அலுமினியம் ஆக்சைடு 13.5 விழுக்காடு. பி.சி.ஆர்.-2-இலும் அதே 13.5. இந்த இரண்டை மட்டும் வைத்து அலுமினியத்துக்குக் கோடு போட்டால், உண்மையில் உங்களிடம் இருப்பது ஒரே புள்ளி. ஏ.ஜி.வி.-2-ஐச் சேர்த்தால் 17-ஐ எட்டும். ஆனால் அனார்த்தோசைட்டின் பிரதானக் கனிமமான அனார்த்தைட் சுத்தமாக இருந்தால் அதில் அலுமினியம் ஆக்சைடு 36.6, கால்சியம் ஆக்சைடு 20.2 விழுக்காடு. 17-இல் முடிந்த கோட்டை 36 வரை கண்ணை மூடிக்கொண்டு நீட்ட முடியாது. நிலா மேட்டுநிலத்துக்குத் தயாராகும் கருவிக்கு அனார்த்தோசைட் தரப் பாறை ஒன்றாவது கட்டாயம். கிரீன்லாந்துப் பாறையிலிருந்து செய்த ஏ.என்-ஜி. அப்படிப்பட்டது.

சான்றிதழைப் படிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. அதில் இரும்பு பெரும்பாலும் மொத்த ஃபெரிக் ஆக்சைடாக இருக்கும். நிலா ஆய்வுக் கட்டுரைகளில் ஃபெரஸ் ஆக்சைடாக எழுதுவார்கள். மாற்றக் காரணி 0.8998. பி.எச்.வி.ஓ.-2-இன் 12.3 ஃபெரிக் ஆக்சைடு, ஃபெரஸாக மாற்றினால் 11.1. பத்து விழுக்காட்டுப் பிழை, கருவியின் குற்றமே இல்லாமல்.

தூளை வில்லையாக்குவது சமையல் மாதிரி எளிதாகத் தோன்றும், ஆனால் இங்கேதான் நிறையப் பிழை நுழைகிறது. 75 மைக்ரானுக்குக் கீழே அரையுங்கள். எஃகுக் கிண்ணம் இரும்பையும் குரோமியத்தையும் சேர்க்கும், டங்ஸ்டன் கார்பைடு கிண்ணம் டங்ஸ்டனையும் கோபால்ட்டையும் சேர்க்கும். முடிந்தால் அகேட் கிண்ணம். அது சிலிக்காவைச் சேர்க்கலாம், ஆனால் பாறையில் அது ஏற்கெனவே பாதிக்குப் பாதி. உலர்த்தி, அடியில் போரிக் அமிலம் வைத்து, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் எல்லா வில்லைகளையும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேரம் வைத்து அழுத்துங்கள். அழுத்தம் மாறினால் மேற்பரப்பு மாறும். மக்னீசியம், அலுமினியத்தின் கதிர்கள் மேலிருந்து சில மைக்ரான்களிலிருந்து மட்டுமே வெளிவருகின்றன. விரல் ரேகைகூட அங்கே ஒரு படலம்தான். வில்லையின் ஓரத்தைப் பிடித்துப் பழகுங்கள்.

எவ்வளவு நேரம் எண்ணுவது? முகட்டில் 10,000 எண்ணிக்கை சேர்ந்தால் புள்ளியியல் பிழை ஒரு விழுக்காடு. அரை விழுக்காடு வேண்டுமென்றால் 40,000. குறைவாக உள்ள தனிமத்தை வைத்து நேரத்தை முடிவு செய்யுங்கள், சிலிக்கானை வைத்து அல்ல.

படி 6: பாறை தன்னைத்தானே மறைப்பதைத் திருத்துங்கள்

ஒரே அளவு மக்னீசியம் உள்ள இரண்டு பாறைகள் ஒரே உயர முகட்டைத் தருவதில்லை. கூட இருக்கும் தனிமங்கள் அதன் கதிரை விழுங்கும், சில சமயம் தூண்டியும் விடும். சிலிக்கானின் கதிருக்கு அலுமினியத்தை ஒளிரவைக்கும் ஆற்றல் உண்டு, அலுமினியத்தின் கதிர் மக்னீசியத்தை ஒளிரவைக்கும். கால்சியம் பொட்டாசியத்துக்கும், இரும்பு குரோமியத்துக்கும் அதையே செய்கின்றன. இதைத்தான் மேட்ரிக்ஸ் விளைவு என்கிறோம்.

இதைக் கையாள இரண்டு பாதைகள். அளக்கப்போகும் பாறையை ஒத்த தரப் பாறைகளை மட்டும் வைத்து நேரடியாகக் கோடு போடுவது ஒன்று. பசால்ட்டுக்கு மட்டும் என்றால் அது அழகாக வேலை செய்யும், வேறு பாறை வந்தால் காலை வாரும். இயற்பியல் மாறிலிகளை வைத்து உறிஞ்சலையும் தூண்டலையும் கணக்கிடும் எஃப்.பி. (ஃபண்டமென்டல் பாராமீட்டர்ஸ்) முறை மற்றொன்று. எதிர்பாராத பாறை வரக்கூடிய கோள் பயணத்துக்கு இரண்டாவதுதான் ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் அதிலும் தரப் பாறைகள் வேண்டும். கணக்கிட்ட எண்ணிக்கைக்கும் அளந்த எண்ணிக்கைக்கும் உள்ள விகிதத்தைத் தனிமம்தோறும் எடுங்கள். எல்லாப் பாறைகளிலும் அது ஒரே எண்ணாக வந்தால் கருவி புரிந்துவிட்டது. ஒரு தனிமத்துக்கு மட்டும் பாறைக்குப் பாறை ஆடினால், அந்த முகட்டின் அடியில் வேறெதுவோ ஒளிந்திருக்கிறது. படி 3-க்குத் திரும்பிப் போங்கள்.

இந்த விகிதங்கள் மேசைக் கருவிக்கும் கியூரியம் கருவிக்கும் வேறு வேறு. ஒன்றின் அட்டவணையை மற்றதற்குக் கடன் கொடுக்க முடியாது.

ஆக்சிஜனைக் கருவி பார்ப்பதில்லை. எல்லாத் தனிமங்களையும் ஆக்சைடாக்கி, கூட்டினால் 100 வரும்படி சரிக்கட்டுவது வழக்கம். வசதிதான், ஆனால் ஆபத்தும் அதே இடத்தில். மாதிரியில் நீர் இருந்தால், அல்லது ஒரு தனிமம் தவறாக ஏறினால், மற்ற எல்லாமே சத்தமில்லாமல் இறங்கிக்கொள்ளும். அதனால் சரிக்கட்டுவதற்கு முந்தைய கூட்டுத்தொகையையும் அட்டவணையில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். வில்லைகளில் 97-க்கும் 102-க்கும் இடையில் நின்றால் நிம்மதி. 88 என்று வந்தால் தூரமோ, நீரோ, காற்றுக் கசிவோ என்று தேடுங்கள்.

ஒருபடித்தான மாதிரி என்ற அனுமானத்தையும் இங்கே உடைத்துப் பாருங்கள். ஒரே பாறையைத் தூளாகவும், அறுத்த பலகையாகவும் அளந்து ஒப்பிடுங்கள். பலகையில் ஒரு கனிமத்துக்குள்ளிருந்து புறப்படும் கதிர் அந்தக் கனிமத்தால் மட்டுமே விழுங்கப்படுகிறது, பாறையின் சராசரியால் அல்ல. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பரப்பைச் சராசரியாகப் பார்க்கும் ஏ.பி.எக்ஸ்.எஸ். கருவியின் பெரிய பலவீனம் இது. மயிரிழை அகலக் கற்றையால் புள்ளி புள்ளியாகப் பார்க்கும் பிக்ஸல் இதை ஓரளவு தாண்டிவிட்டது.

படி 7: மறைத்து வைத்த பாறை

தரப் பாறைகளில் ஒன்றை முதல் நாளே எடுத்துத் தனியே வையுங்கள். எந்த ஃபிட்டிங்கிலும் அதைச் சேர்க்கக் கூடாது. எல்லாம் முடிந்த பின் அதை "தெரியாத பாறை"யாக அளந்து, வந்த விடையைச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். உங்கள் கருவியின் உண்மையான துல்லியம் அந்த வித்தியாசம்தான். ஃபிட்டிங் வளைவில் புள்ளிகள் எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கின்றன என்பது துல்லியம் ஆகாது. முடிந்தால் ஆய்வகத்தில் வேறொருவரிடம் கொடுத்து, எண் மட்டும் ஒட்டித் திருப்பித் தரச் சொல்லுங்கள். விடை தெரிந்தால் கை தானாகவே ஃபிட்டிங் எல்லையை நகர்த்தும், அது மனித குணம்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் பரந்து கிடக்கிறது. கால்சியம் மிகுந்த வகை, நிலா மேட்டுநிலப் பாறைக்கு நெருங்கிய உறவு. சந்திரயான்-2-இன் தரையிறக்கச் சோதனைக்கும் சக்கரச் சோதனைக்கும் இஸ்ரோ செய்த செயற்கை நிலா மண்ணுக்கு மூலப்பொருள் அங்கிருந்துதான் போனது. அதில் ஒரு கல்லை எடுத்து, அரைத்து, வேறொரு ஆய்வகத்தில் வேறு முறையில் பகுப்பாய்வு செய்து வாங்கிவிட்டால், உங்களுக்கென்று ஒரு சோதனைப் பாறை தயார். ஆனால் அது பூமிக்கடியில் வெந்து உருமாறிய பாறை. நீர் கலந்த ஆம்பிபோல் கனிமங்கள் இருக்கும், அருகிலேயே குரோமியத் தாது அடுக்குகளும் உண்டு. கறுப்புக் கீற்று இல்லாத வெள்ளைப் பகுதியாகப் பார்த்து எடுங்கள், படி 6-இல் சொன்ன கூட்டுத்தொகை 100-ஐ விடக் கொஞ்சம் குறைந்தால் பதறாதீர்கள்.

படி 8: கருவி போன பிறகு

கருவி இன்னொரு கோளுக்குப் போய்விட்டால் நம் கை எட்டாது. அதனால் தெரிந்த ஒரு பொருளைக் கூடவே அனுப்புகிறார்கள். 2012-இல் செவ்வாயில் இறங்கிய கியூரியாசிட்டியின் உடலில் ஒரு பசால்ட் பலகை, அதைச் சுற்றி நிக்கல் தகடு பொருத்தப்பட்டிருக்கிறது. அவ்வப்போது உலவியின் இயந்திரக் கை அதன்மேல் போய் நின்று அளக்கும். முகடு நகர்ந்ததா, அகலம் கூடியதா, தூசி படிந்ததா என்று அதில் தெரியும். கியூரியம்-244-இன் அரையாயுள் 18.1 ஆண்டு, அதாவது ஆண்டுக்கு சுமார் 3.8 விழுக்காடு மங்கும். இந்தக் குறைவைக் கணக்கில் கழித்த பிறகும் எண்ணிக்கை குறைந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும்.

மேசைக் கருவிக்கும் இதே ஒழுங்கைப் பின்பற்றுங்கள். ஒரு பசால்ட் வில்லையைச் சோதனை வில்லையாக ஒதுக்கி, தினமும் வேலை தொடங்கும் முன் பத்து நிமிடம் அளந்து, இரும்பு முகட்டின் இடம், அகலம், எண்ணிக்கை மூன்றையும் தேதியோடு ஒரே தாளில் வரைந்துகொண்டே போங்கள். இடம் மட்டும் மாறினால் படி 2 போதும். அகலம் கூடினால் டிடெக்டரின் குளிர்ச்சியைப் பாருங்கள். எண்ணிக்கை மட்டும் இறங்கினால் வெற்றிடத்தையும் வில்லை வைத்த உயரத்தையும் பாருங்கள், இலேசான தனிமங்கள் அதிகமாகவும் இரும்பு குறைவாகவும் இறங்கியிருந்தால் கசிவு, எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால் உயரம் அல்லது குழாய். டிடெக்டரையோ குழாயையோ மாற்றினால் மட்டும் சமாதானம் கிடையாது, படி 1-இலிருந்து தொடங்க வேண்டியதுதான்.